வெயிலை எங்கடா ஒளிச்சுவச்சே?

வாடா பேராண்டி, உட்காரு. அந்த லேப்டாப்பை உள்ள தள்ளி வை, கோழி ஏறிடப்போவுது. எட்டாவது பிள்ளைங்க மார்க்கையெல்லாம் கொட்டி வட்டம், குச்சி, கோடுன்னு போட்டிருக்கியே, மார்கழியில உங்க பாட்டி போடுற கோலம் தோத்துது போ! என்ன, எந்தப் புள்ளியை எதுக்கு வைக்கறோம்னு அவளுக்குத் தெரியும்.

அது என்னாடா, வைத்திக்குப்பத்துப் பிள்ளைங்க மட்டும் கும்பலா சிவந்து கெடக்குதுங்க? பின்தங்குற பிள்ளைங்களா? ஏ.ஐ. கண்டுபிடிச்சுச்சா? ஒரே நாள்ல அத்தினி பேரும் வகுப்புக்கு வரலையாம். தேதியைக் காட்டு. அட, மாசி மகத்துக்கு மறுநாள்டா! மயிலம் முருகன் கடல்ல தீர்த்தவாரி ஆடிப்போன ராத்திரி அந்தக் கரையில எந்தப் பிள்ளை கண்ணை மூடியிருக்கும்? உன் மிஷினு 'ஊக்கம் குறைவு'ன்னு எழுதியிருக்கு. பாவம், ஒரு 'த்' விட்டுப்போச்சு. தூக்கம் குறைவு.

தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லுதா பாரு அது. நிலத் தரகன்கூட எப்பவாவது தலையைச் சொறிவான்.

படம் போடாதேன்னு நான் சொல்லலை. படத்துக்குப் பேர்போன ஊருடா நம்ம புதுச்சேரி. 1955ல செயின்ட் லூயி வீதியில பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொறந்தாங்க. ஆன்றி கோசென்னு ஒரு மிசே, செடிகொடி படிச்சவரு, அந்த நிறுவனத்தோட சேர்ந்து நம்ம நாட்டுக் காடுகரையெல்லாம் கலர் கலரா வரைபடம் ஆக்கினாரு. கன்னியாகுமரித் தாள் 1961ல வந்துச்சு. தாள்ல ஒரு சென்டிமீட்டர்னா தரையில 10 கிலோமீட்டர்.

அவரும் பன்யூல்னு இன்னொருத்தரும் 1953லயே ஒரு கணக்கு சொல்லி வச்சிருந்தாங்க. ஒரே கட்டத்துல மாசாமாசம் மழைக்கு ஒரு கோடு, வெயிலுக்கு ஒரு கோடு. மழை மில்லிமீட்டரு வெயில் டிகிரியோட ரெண்டு மடங்கைத் தாண்டலைன்னா அது வறண்ட மாசம். அவ்வளவுதான். 30 டிகிரி அடிக்கிற மாசத்துக்கு 60 மில்லிமீட்டருக்கு மேல பெய்யணும். பாகூர் ஏரிக்கரையில நின்னவனுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனா தாள்ல பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டினது அவங்கதான்.

இப்ப 40 மில்லிமீட்டர் மழைன்னு வை. 10 டிகிரி குளிர்ல கெடக்குற ஊருக்கு அது தாராளம். நம்ம சித்திரை வெயிலுக்கு நாக்கு நனையாது. மழைக் கோட்டை மட்டும் போட்டிருந்தா ரெண்டு ஊரும் ஒண்ணுன்னு தோணியிருக்கும்.

நீ போட்டிருக்கறதும் மழைக் கோடுதாண்டா. வெயில் எங்க? குபேர் மார்க்கெட்டுல மீன் விக்கிற அம்மாவுக்கு விடியக்காலையில கூடை தூக்கிட்டு வந்து உட்கார்ற பிள்ளை எது? சாயங்காலம் நேரு வீதிக் கடையில துணி மடிக்கிறது எது? தமிழ்ல படிச்சிட்டு இந்த வருஷம்தான் இங்கிலீஷு மீடியத்துல வந்து முழிக்கிறது எது? 40 மார்க்கு ஒருத்தனுக்கு வறட்சின்னா அந்தக் கூடைக்காரிக்கு அடைமழைடா. ரெண்டு பேருக்கும் ஒரே கலரை அடிச்சு வச்சிருக்கே.

இதெல்லாம் எக்செல்ல இருக்காது. அந்தக் கிளாஸ் வாத்தியாரம்மாவுக்குத் தெரியும். அவங்க சொல்லச் சொல்ல நீ எழுதிக்க, அதுக்கப்புறம் மிஷினைத் தட்டு. அவங்களுக்கே உதவப்போறேன்னு ஆராய்ச்சி பண்றே, ஒரு டீ வாங்கிக் கொடுத்து அவங்களைக் கேட்டியாடா இதுவரைக்கும்? முழிக்கிற முழியைப் பாரு.

சரி, அந்தச் சிவப்பை முதல்ல அழி. மாசி மகத்துக்கு மறுநாள் ஆறாவது படிக்கிறப்ப நீயும்தான் பள்ளிக்கூடம் போகலை. காய்ச்சல்னு லீவ் லெட்டர் எழுதினவன் நான்.