நாலு மணிக் கப்பலுக்கு எட்டு மணிக்குக் கிளம்புவது

மயாமி துறைமுகத்திலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பல் பெரும்பாலும் மாலை 4 மணி வாக்கில் கரையை விடும். ஆனால் பயணிகளை ஏற்றுவது காலை பத்தரை, பதினொன்றுக்கே தொடங்கிவிடும். நடுவில் கிடக்கும் இந்த ஐந்து மணி நேரத்தில் எப்போது போய் ஏறுவது என்பது பார்வைக்குச் சின்னக் கேள்விதான். எந்தத் தீவுக்குப் போவது, பால்கனி கேபின் எடுப்பதா வேண்டாமா என்பதிலெல்லாம் வராத மனத்தாங்கல் இதில் வந்துவிடுகிறது. கதவு திறந்ததும் உள்ளே போயாக வேண்டும் என்பவர் ஒருவர். அவ்வளவு சீக்கிரம் போய் அங்கே என்ன செய்வதாம் என்பவர் இன்னொருவர். ஏதோ விதி, இந்த இருவரும்தான் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

முடிவெடுக்கும் முன், அந்தக் காலை வேளையில் கப்பல் என்ன நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. விடிவதற்குள் கப்பல் துறைக்கு வந்து சேர்ந்திருக்கும். போன வாரத்துப் பயணிகள் ஏழு மணியிலிருந்து பத்து மணிக்குள் இறங்குவார்கள். காலை முகூர்த்தக்காரர்கள் பாத்திரங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே மாலை வரவேற்புக்காரர்கள் பூக்கூடையோடு வாசலில் வந்து நிற்கும் கல்யாண மண்டபம்தான் அது. அளவு மட்டும் வேறு. 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் போன ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ கப்பலில் 20 தளங்கள், 2,805 கேபின்கள். நிரம்பினால் 7,600 பயணிகள். அத்தனை பேரும் இறங்கி, அத்தனை படுக்கைக்கும் விரிப்பு மாற்றி, ஒரு வாரத்துக்கான காய்கறியும் இறைச்சியும் பீப்பாயும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளில் உள்ளே போய், புதுக் கூட்டம் ஏறிக் கப்பல் கிளம்புவதற்குப் பகல் ஒன்றுதான் உண்டு.

இதில் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. பழைய பயணிகள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள் என்று கணக்கு முடியும்வரை புதியவர்களில் ஒருவரையும் ஏற்ற முடியாது. கப்பல் ஊழியர்கள் இதை ‘ஜீரோ கவுண்ட்’ என்பார்கள். எண்ணிக்கை சுழியத்துக்கு வர ஒரே ஒருவர் பாக்கி என்ற நிலையில், ஒலிபெருக்கி அவர் பெயரைக் கெஞ்சலாகச் சொல்லிக்கொண்டிருக்கும். அவர் தூங்கிக்கொண்டிருக்கலாம். கடைசி ஆம்லெட்டை நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டும் இருக்கலாம். ஒன்பதரைக்கே வந்து டெர்மினல் வாசலில் நிற்கும் கூட்டம் உண்மையில் காத்துக்கொண்டிருப்பது அந்த ஆம்லெட்டுக்காகத்தான்.

கோவிட்டுக்குப் பிறகு பல நிறுவனங்கள் வருகை நேரத்தை முன்கூட்டியே குறித்துக்கொள்ளச் சொல்கின்றன. செல்போன் ஆப்பில் செக்-இன் திறந்ததும் அரை மணிக்கு ஒரு ஸ்லாட் என்று வரிசையாகத் தெரியும். பத்தரை, பதினொரு மணி ஸ்லாட்டுகள் தீபாவளி ரயில் டிக்கெட் வேகத்தில் பறந்துவிடும். இதற்காக நள்ளிரவில் அலாரம் வைத்து எழுந்திருப்பவர்கள் உண்டு. இளைப்பாறத்தான் இந்தப் பயணமே என்று இவர்கள் அலுவலகத்தில் சொல்லியிருப்பார்கள். இவ்வளவு பாடுபட்டு முதல் ஸ்லாட்டைப் பிடித்தவருக்கு முன்னால், ஸூட் எடுத்தவர்களும் பலமுறை பயணம் செய்து தங்கம், வைரம் என்று படிநிலை ஏறியவர்களும் தனி வரிசையில் உள்ளே போய்க்கொண்டிருப்பார்கள்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகள், கோடையில் வந்து தங்கும் பெற்றோரை பஹாமாஸ் கப்பலுக்கு அழைத்துப் போவது இப்போது சகஜமாகிவிட்டது. இந்த வகைக் குடும்பத்தில் முடிவு வேறு விதமாக எடுக்கப்படுகிறது.

“கப்பல் எத்தனை மணிக்கும்மா?”

“நாலு மணிக்குப்பா. நமக்கு ஒன்றரைக்குத்தான் ஸ்லாட்.”

“அப்போ எட்டு மணிக்குக் கிளம்பினா சரியா இருக்கும்.”

எழும்பூரில் ரயில் பிளாட்பாரத்துக்கு வரும் முன்பே அது நிற்கப்போகும் இடத்தில் பெட்டியோடு நின்று பழகியவருக்கு ஸ்லாட் என்பதெல்லாம் யாரோ சொல்லும் யோசனை, அவ்வளவுதான். நேரத்துக்கு முன் போனால் சில நாள் உள்ளே விடுவார்கள், சில நாள் ஓரமாக நிற்கச் சொல்வார்கள். நிற்கச் சொன்னாலும் அவருக்கு வருத்தமில்லை. கப்பல் கண்ணில் படுகிறதே, அது போதும்.

முன்னதாக ஏறும் கட்சி எப்போதும் கணக்கோடுதான் வரும். கொடுத்த காசுக்கு ஒரு நாள் சாப்பாடு கூடுதல் என்பது அதன் வாதம். ஏழு இரவுப் பயணம் ஞாயிறு மாலை 4 மணிக்குத் தொடங்கி அடுத்த ஞாயிறு காலை 8 மணிக்கு முடிந்தால் 160 மணி நேரம். பதினொரு மணிக்கே ஏறினால் 165. ஆதாயம் நூற்றுக்கு மூன்று. வெள்ளி மாலை போய்த் திங்கள் காலை திரும்பும் மூன்று இரவுப் பயணத்தில் அதே ஐந்து மணி நேரம் ஏறக்குறைய நூற்றுக்கு எட்டு ஆகிவிடுகிறது. ஆக, பயணம் குறையக் குறைய முன்னதாக ஏறுவதில் அர்த்தம் கூடுகிறது. மதுவுக்கான பேக்கேஜ் எடுத்தவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் உறைக்கும். அதற்கு நாள் கணக்கில்தான் கட்டணம். மூன்று மணிக்கு ஏறினாலும் முதல் நாள் முழு நாள்தான். பதினொரு மணிக்கு ஏறியவர் பதினொன்று இருபதுக்கே குட்டிக் குடை செருகிய கோப்பையோடு நீச்சல்குளம் பக்கம் தென்படுவதற்குத் தாகம் மட்டும் காரணமில்லை. கார்னிவல் நிறுவனக் கப்பல்களின் பேக்கேஜில் ஒரு நாளைக்கு 15 கோப்பை மது என்று வரம்பு உண்டு. அந்த வரம்பை இலக்காக எடுத்துக்கொள்பவர்கள் மாலையில் கப்பல் கிளம்பும் காட்சியைக் காண்பதில்லை.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை. கட்டிப்போட்ட கப்பலில் உட்கார்ந்திருப்பதைப் பயணத்தில் சேர்க்கலாமா? இதற்கு 1972-லேயே ஒரு சோதனை நடந்துவிட்டது. அந்த ஆண்டு மார்ச்சில் கார்னிவல் நிறுவனத்தின் முதல் கப்பலான ‘மார்டி கிரா’ தன் முதல் பயணத்துக்கு மயாமியிலிருந்து கிளம்பி, துறைமுக வாயைத் தாண்டியதுமே மணல்மேட்டில் ஏறி நின்றுவிட்டது. கப்பலில் சுமார் 300 பயண முகவர்கள் இருந்தார்கள். ஊருக்கெல்லாம் டிக்கெட் விற்க வேண்டியவர்கள் தளத்தில் நின்று மயாமிக் கடற்கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நிறுவனம்தான் பின்னாளில் உலகிலேயே பெரிய சொகுசுக் கப்பல் நிறுவனமாக வளர்ந்தது. கப்பல் நகர்ந்தாக வேண்டும் என்று பயணிகள் அவ்வளவு கறாராக இல்லை என்றே தெரிகிறது.

சரி, ஏறியாகிவிட்டது. பதினொரு மணியிலிருந்து ஒன்றரை வரை உள்ளே நடப்பது இதுதான். கேபின்கள் தயாராகவில்லை. அந்தத் தளங்களின் நடைவழிக் கதவுகளைச் சாத்தி வைத்திருப்பார்கள். மீறி எட்டிப் பார்த்தால் மலை மலையாகக் குவிந்த பழைய விரிப்புகள்தான் தெரியும். ஆகவே ஏறிய ஒவ்வொருவரும், முதுகில் ஒரு பை, தோளில் ஒரு பை, தலையில் போன பயணத்தில் வாங்கிய வைக்கோல் தொப்பியோடு நேராக பஃபேக்குப் போகிறார்கள். அங்கே தட்டு ஒரு கையில், தொப்பி ஒரு கையில், கண் மட்டும் நாற்காலியில். நான்கு பேர் மேசையில் ஒருவர் உட்கார்ந்து மற்ற மூன்று நாற்காலிகளிலும் பைகளைப் பரத்தி, வருகிறவர்களைப் பார்க்காத மாதிரி ஜன்னல் வழியே துறைமுகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். ஜன்னலுக்கு வெளியே தெரிவதோ இன்னொரு ஃபோர்க்லிஃப்ட். அவர் மனைவி ஜனத்திரளுக்கு அப்பால் தட்டை உயர்த்திப் பிடித்து, சாதமா ரொட்டியா என்று சைகையில் கேட்பார். இவர் தலையசைப்பு இரண்டுக்கும் பொருந்தும். இத்தனைக்கும் அந்நேரம் கப்பலில் வேறு சாப்பாட்டு இடங்களும் திறந்திருக்கும், அவை காற்றாடிக்கொண்டும் இருக்கும். ஆனால் ஏறியவுடன் பஃபே என்பது எழுதாத சடங்கு.

உண்மையில் இந்த இரண்டரை மணி நேரத்தில் லாபம் அடைகிறவர் ஒருவரே: கைப்பையில் நீச்சல் உடையை எடுத்து வைத்திருப்பவர். நீச்சல்குளம் வெறிச்சோடிக் கிடக்கும். மறுநாள் கடலில் முக்கால் மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டிய சறுக்குப்பாதையில் இப்போது ஏறி ஏறி இறங்கலாம். நீச்சல் உடையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டவர் சட்டை பேண்ட்டோடு ஓரத்தில் நின்று அதைப் பார்க்கலாம். அவருக்காகவே ஸ்பா ஊழியர்கள் புன்னகையோடு காத்திருப்பார்கள். இடத்தைச் சுற்றிக் காட்டி, பெயர் எழுதி வாங்கி, குலுக்கலில் போடுவார்கள். குலுக்கும்போது ஆள் அங்கேயே இருந்தால்தான் பரிசு. இருந்து பார்த்தவர்கள் பெரும்பாலும் பரிசு இல்லாமல், மசாஜுக்கு முதல் நாள் தள்ளுபடி விலையில் முன்பதிவு செய்துகொண்டு வெளியே வருகிறார்கள்.

ஒன்றரை மணிக்குக் கேபின்கள் தயார் என்ற அறிவிப்பு வரும். அந்தக் கணத்தில் பஃபேயில் இருந்த அத்தனை பேரும் லிஃப்ட் வாசலில் இருப்பார்கள். முன்னதாக ஏறிச் சம்பாதித்ததில் கணிசமான பகுதி இங்கே கரைகிறது. ஆறு தளம் படியிறங்கிப் போனவர்கள் மட்டும் தப்பித்தார்கள். பல கப்பல்களில் கேபின் சாவி அட்டை கதவருகே உறையில் செருகியிருக்கும்.

இனி பெட்டி. டெர்மினல் வாசலில் போர்ட்டரிடம் சில டாலர்களோடு ஒப்படைத்த பெட்டி தனிப் பாதையில் பயணம் செய்கிறது. அது ஸ்கேனருக்குள் போய், இரும்புக் கூண்டுகளில் ஏறி, கப்பலின் வயிற்றுக்குள் புகுந்து, தளம் தளமாகப் பிரிந்து, மத்தியானத்திலிருந்து ராத்திரிக்குள் ஏதாவது ஒரு வேளையில் கதவருகே வந்து நிற்கும். சொந்தக்காரர் எத்தனை மணிக்கு ஏறினார் என்பது அதற்குத் தெரியாது. மருந்து மாத்திரை, பாஸ்போர்ட், மாற்றுத்துணி மூன்றும் கைப்பையில் இருக்க வேண்டும் என்பது அதனால்தான். எட்டு மணியாகியும் பெட்டி வரவில்லை என்றால், உள்ளே கெட்டிலோ இஸ்திரிப் பெட்டியோ இருப்பதாக ஸ்கேனர் கண்டுபிடித்துவிட்டது என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். சூடேறும் சாதனங்கள் தீ விபத்துக்கு வழி என்பதால் கப்பலில் அவற்றுக்கு அனுமதி இல்லை. வீட்டில் சமைத்த உணவையும் கார்னிவல் போன்ற நிறுவனங்கள் ஏற்பதில்லை. டப்பாவில் புளியோதரை கட்டி வந்த குடும்பங்களுக்கு, தாமதமாக ஏறுவதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை. ஹோட்டல் அறையை விடுவதற்கு முன் டப்பாவைக் காலி செய்துவிடலாம்.

சீக்கிரம் ஏறுவதற்கு மறுக்க முடியாத ஒரு காரணம் பாதுகாப்பு ஒத்திகை. முன்பெல்லாம் ஏறிய 24 மணி நேரத்துக்குள் ஒத்திகை நடத்தினால் போதும் என்பதே சர்வதேச விதி. 2012 ஜனவரி 13 மாலை இத்தாலியின் சிவிட்டாவெக்கியாவில் ‘கோஸ்டா கான்கார்டியா’வில் ஏறிய பயணிகளுக்கு ஒத்திகை மறுநாளைக்குத் திட்டமிடப்பட்டிருந்தது. கப்பல் அன்றிரவே ஜிக்லியோ தீவருகே பாறையில் மோதியது. 32 பேர் இறந்தார்கள். அதன் பிறகு விதி மாறி, 2015 முதல் கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ ஒத்திகை முடிந்தாக வேண்டும். இப்போது பல கப்பல்களில் எல்லோரையும் ஒரே நேரத்தில் வெயிலில் நிறுத்துவதில்லை. ஆப்பில் காணொளியைப் பார்த்துவிட்டு, தனக்குரிய இடத்துக்குப் போய் அட்டையைக் காட்டினால் வேலை முடிந்தது. பதினொரு மணிக்கு ஏறியவருக்கு இதைச் செய்ய ஐந்து மணி நேரம் இருக்கிறது. அதனாலேயே அவர் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று குளத்தங்கரையில் சாய்ந்துவிடுவார். மூன்றரை மணிக்கு இன்னும் வராதவர்கள் என்று ஒலிபெருக்கி சொல்லும்போது, மூன்று மணிக்கு ஏறியவர் நேராகப் போய் முடித்துவிட்டு வந்திருப்பார்.

ஆக, கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கும், மதியம் கொஞ்சம் படுக்க வேண்டிய பெரியவர்களுக்கும் ஒன்றரையிலிருந்து இரண்டரை வரைதான் உகந்த நேரம். டெர்மினலில் வரிசை வடிந்திருக்கும், அறை தயாராக இருக்கும், பஃபேயும் மூடியிருக்காது. முதல்முறை போகிறவர்களும் சறுக்குப்பாதைப் பிள்ளைகளும் பதினொரு மணிக்கே போகட்டும். பன்னிரண்டரை மணிதான் இரண்டும்கெட்டான். டெர்மினலிலும் கூட்டம், பஃபேயிலும் இடமில்லை, கேபினும் இல்லை.

மூன்று மணிக்கு மேல் என்பது வேறு விவகாரம். பயணிகளின் பெயர்ப் பட்டியல் கப்பல் கிளம்புவதற்கு 60 நிமிடம் முன்பே அமெரிக்கச் சுங்கத் துறைக்குப் போய்விட வேண்டும். அதனால் 60 முதல் 90 நிமிடம் முன்பே செக்-இன்னை மூடிவிடுவார்கள். கப்பல் கண்ணெதிரே நிற்கும், ஏறுபாலம்கூட எடுத்திருக்க மாட்டார்கள், ஏற முடியாது. அன்று காலையில்தான் விமானத்தில் வந்து இறங்கி, ஐ-95 நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டி, 2014-இல் திறந்த துறைமுகச் சுரங்கப்பாதையில் டாக்ஸியை விரட்டி வந்தவரிடமும் இதைத்தான் சொல்வார்கள். மறுநாள் கப்பல் கீ வெஸ்ட்டில் நிற்கிறதே, அங்கே போய்ப் பிடித்துக்கொள்கிறேன் என்பார் அவர். அதற்கும் 1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று குறுக்கே நிற்கிறது: வெளிநாட்டுக் கொடி தாங்கிய கப்பல், ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய ஆளைப் பொதுவாக இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கக் கூடாது. மயாமியின் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ் கொடியோ பனாமா கொடியோ பறக்க விடுபவை. ஆகவே அவர் வெளிநாட்டுத் துறைமுகமான நசாவுக்கோ கொசுமெலுக்கோ விமானம் ஏற வேண்டும். அதற்குப் பாஸ்போர்ட் வேண்டும். புறப்பட்ட துறைக்கே திரும்பும் பயணத்துக்குப் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் போதும் என்ற சலுகையை நம்பி வந்த அமெரிக்கர் இங்கே மாட்டிக்கொள்வார். இந்தியப் பாஸ்போர்ட்டோடு வந்த பெரியவருக்கு அந்தக் கவலை இல்லை; அவர் ஒன்பது மணியிலிருந்தே டெர்மினலில் இருக்கிறார். தவறவிட்டவருக்கும் ஒரு வசதி உண்டு. பெட்டி அவர் கையிலேயே இருக்கிறது, நீச்சல் உடை உட்பட.