ஊசி பார்க்கும் படலம்

பங்குனியில் எங்கள் ஊர் திருமழபாடியில் நந்திக்குக் கல்யாணம். திருவையாற்றிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள். அதைப் பார்த்தால் முந்திக் கல்யாணம் ஆகும் என்று வரன் தேடும் குடும்பங்களெல்லாம் கொள்ளிடக் கரையில் கூடிவிடும். எங்கள் ஊசி மாமாவும் வருஷக்கணக்கில் வரன் தேடுகிறார். பெண்ணுக்கல்ல, ரெக்கார்டு பிளேயருக்கு. தட்டின் மேல் ஊசியைத் தாங்கி ஓடுமே, அந்தக் கார்ட்ரிட்ஜுக்கு.

டென்மார்க்கின் ஆர்ட்டோஃபான் எஸ்.பி.யு.வைக் காட்டினால், "1959-லேர்ந்து பேர் சொல்ற குடும்பம். ஆனா உடம்பு கனம், நம்ம பிளேயர் கை தாங்காது" என்பார். ஜப்பானின் டெனான் டி.எல்.103? "ரேடியோ நிலையத்துக்குன்னே செஞ்சது. அரசாங்க உத்தியோகம், நின்னு உழைக்கும். ஆனா முனை உருண்டை, நுணுக்கம் பத்தாது." பச்சைக்கல்லில் உடம்பு செதுக்கிய கொயட்சு? "நகையைப் பார்த்துப் பொண்ணு எடுக்கக் கூடாது தம்பி!" மாமா மனசார மெச்சியது அமெரிக்காவின் ஷூர் ஒன்றைத்தான். அந்தக் கம்பெனி 2018-ல் கார்ட்ரிட்ஜ் தொழிலையே விட்டுவிட்டது. கிடைக்காத வரனில் குறை இருக்காதல்லவா?

மாமா சொல்வதில் விஷயமும் உண்டு. காசு ஊசி முனையிலுள்ள வைரத்துக்கு இல்லை, அது கண்ணுக்கே தெரியாத துணுக்கு. அதைப் பட்டை தீட்டுவதற்கும், போரான் தண்டின் நுனியில் பிசகாமல் ஒட்டுவதற்கும், முடியைவிட மெல்லிய கம்பியைச் சுற்றுவதற்கும்தான் விலை. காந்தம் அசையும் வகையில் ஊசி தேய்ந்தால் ஊசியை மட்டும் உருவி மாற்றலாம். கம்பிச்சுருள் அசையும் வகையில் அது நடக்காது. மொத்தமாகக் கழற்றிக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். அதன் மின்னழுத்தமும் பெரும்பாலும் ஒரு மில்லிவோல்ட்டைக்கூட எட்டாததால், அதைப் பெருக்கக் கூடவே இன்னொரு பெட்டி வாங்கியாக வேண்டும். சீர் செலவு தனி!

கடைசியில் கடனை உடனை வாங்கி ஒன்றை முடித்தேவிட்டார். அன்றிரவே கணக்கும் போட்டார்: மூன்று லட்ச ரூபாய், ஆயிரம் மணி நேர ஆயுசு. மணிக்கு முந்நூறு. எல்.பி.யில் ஒரு பக்கம் ஓடினால் நூறு ரூபாய் காலி. மறுநாளிலிருந்து பிளேயருக்கு மேல் பட்டுத்துணி மூடியிருக்கிறது.

"மாமா, சுந்தரர் நம்ம ஊருக்குப் பாடின பதிகம் ரெக்கார்டுல இருக்காமே, போடுங்களேன்" என்று பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான்.

மாமா பதறிப்போய்ச் சன்னலைத் திறந்துவிட்டார்.

"கோயில்ல மைக்செட்காரன் அதைத்தானே போட்டுக்கிட்டிருக்கான்? ஓசியில கேளுடா!"