ஒரு 'உம்' வந்த கதை

கேள்வி: வேலைத்தலத்தில் இன, மொழிப் பாகுபாடு எங்கள் நாட்டில் சட்டமாகவே இருந்ததா?
– ஒரு வாசகி, ஊர்காவற்றுறை

பதில்: இருந்தது, தங்கச்சி. 1956இல் 'சிங்களம் மட்டும்' சட்டம் வந்தது. சிங்களப் பரீட்சையில் சித்தியடையாத அரச ஊழியருக்குச் சம்பள ஏற்றம் இல்லை என்று பிறகு சுற்றறிக்கையும் வந்தது. பரீட்சைக்கே போகமாட்டேன் என்று நின்றார் ஒரு தமிழ் எழுதுவினைஞர். பெயரோ கோடீஸ்வரன், வழக்கோ மறிபட்ட சம்பள ஏற்றத்துக்கு! மாவட்ட நீதிமன்றில் வென்றார். சம்பளத்துக்காக அரசின்மேல் வழக்குப் போட முடியாதென்று 1967இல் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைக் கவிழ்த்தது. 'போடலாம்' என்றது 1969இல் லண்டன் கோமறைக் கழகம். ஆனால் மொழிச் சட்டம் செல்லுமா என்பதை ஊரிலேயே தீருங்கள் என்று திருப்பி அனுப்பியது. அது தீரவேயில்லை. 1987இல் 13ஆவது திருத்தம் 'தமிழும் அரசகரும மொழி' என்றது. அந்த ஒரு 'உம்' வந்துசேர 31 வருஷம்!

பாகுபாடு பார்க்காத இடமும் உண்டு. குறிகாட்டுவானில் நயினாதீவுப் படகைப் பாருங்கோ: நாகபூசணி அம்மனிடம் போகிறவரும் நாகவிகாரைக்குப் போகிறவரும் ஒரே பலகையில். படகுக்காரர் கேட்பது காசு மட்டும். மொழிப் பரீட்சை வைப்பதில்லை. அலை அடித்தால் எல்லாருக்கும் ஒரே பயம்தானே!