வரவிருக்கும் கச்சேரிகள்

கிழக்குத் தாம்பரத்தில் கேம்ப் ரோடு தாண்டி, வேளச்சேரிச் சாலையில் ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலுக்கு இரண்டு பக்கமும் கிளைவிடும் நகர்களில் தெருவுக்கு ஒரு வித்வானாவது இருப்பார். மயிலாப்பூர் வாடகை கட்டுப்படியாகாமல் வந்தவர், எதற்கும் இருக்கட்டும் என்று எப்போதோ அரை கிரவுண்டு வாங்கிப் போட்டவர், மாமனார் வீட்டு மாடிக்கு ஒரு மாதம் என்று வந்து அங்கேயே தங்கிவிட்டவர் என்று பல ரகம். இவர்களில் ஒருவரை மட்டும் பேச்சிலேயே கண்டுபிடித்துவிடலாம். "என்ன சார், ஆளையே காணோம்?" என்று கேளுங்கள். "வெப்சைட்ல எல்லாம் இருக்கே, பார்க்கலையா?" என்பார்.

ஆம், இவருக்கென்று ஓர் இணையதளம் இருக்கிறது. வாழ்க்கைக் குறிப்பு, குரு பரம்பரை, தம்புராவைக் கட்டிக்கொண்டு மேலே பார்க்கும் படம் எல்லாம் ஒருமுறை ஏற்றியதோடு சரி. இவர் உயிர் 'வரவிருக்கும் கச்சேரிகள்' என்கிற ஒரே பக்கத்தில்தான் இருக்கிறது. காலையில் சுருதிப் பெட்டியைப் போடுவதற்கு முன்னால் லேப்டாப்பைப் போடுகிறவர். வர்ணத்தில் தொடங்கி மங்களத்தில் முடிக்கும் கச்சேரி பத்ததியை அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) ஒழுங்குபடுத்திக் கொடுத்துவிட்டுப் போனார். கச்சேரிப் பட்டியலுக்கு ஒரு பத்ததி வகுக்க எந்த மேதையும் முன்வரவில்லை. அந்தக் குறையை நம் வித்வான் ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து நிவர்த்தி செய்துகொண்டிருக்கிறார்.

கூடமாட ஒத்தாசைக்கு இரண்டு தெரு தள்ளி இன்ஜினீயரிங் படிக்கிற பையன் ஒருவன். அவன் தங்கைக்குப் பாட்டு கற்றுக்கொடுக்கிறார், அதற்குப் பதிலாக அவன் தளத்தைப் பார்த்துக்கொள்கிறான். தங்கை மாயாமாளவகௌளையில் அலங்காரம் முடிப்பதற்குள் பட்டியலின் நிறம் பலமுறை மாறிவிட்டது.

பையன் போட்டுக்கொடுத்தது வேர்ட்பிரஸ் தளம். அதில் கச்சேரிகளைக் காட்டுவதற்கு கிக்பிரஸ் என்று ஒரு பிளகின். மேல்நாட்டு ராக் பாண்டுக்காரர்களை நினைத்து எழுதியது. தேதி, ஊர், இடம், டிக்கெட் விலை என்று அவர்களுக்கு வேண்டியதெல்லாம் இருக்கும். யாரை உள்ளே விடலாம் என்பதற்கும் ஒரு கட்டம் உண்டு. 'ஆல் ஏஜஸ்', 'ஆல் ஏஜஸ் லைசென்ஸ்டு', 'நோ மைனர்ஸ்' என்று அதில் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். நடுவில் இருப்பதற்கு, குழந்தைகளும் வரலாம், மதுவும் கிடைக்கும் என்று பொருள். ஒரு நவராத்திரிக் கச்சேரிக்குப் பையன் கைதவறி அதை அமுக்கிவிட்டான். வித்வான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "மைக் செட்டுக்கு லைசென்ஸ் வாங்கியாச்சுன்னு அர்த்தம்ப்பா. நல்லதுதான், இருக்கட்டும்" என்றார். சுண்டலோடு முடிந்த அந்தக் கச்சேரி இன்றைக்கும் 'நடந்தவை' பக்கத்தில் அப்படியேதான் இருக்கிறது.

அடுத்த தகராறு தேதி. அந்த பிளகின் மாதத்தை முதலில் போட்டு, நாளைப் பிறகு போடும். ஜனவரி 12 கச்சேரி 01/12 என்று வந்தது. பாட்டில் பிரியமுள்ள ஒரு மாமி டிசம்பர் முதல் தேதியே போய்ப் பூட்டிய ஹாலைப் பார்த்துவிட்டு வந்து போனில் பிடித்துக்கொண்டார்.

"அது அமெரிக்கா ஸ்டைல் சார். ஒரு நிமிஷம், மாத்திடறேன்" என்றான் பையன்.

வித்வான் யோசித்தார். கிளீவ்லாந்தில் 1978-லிருந்து தியாகராஜ ஆராதனை நடக்கிறது. இந்தப் பக்கத்திலிருந்து போகாதவர்களே இல்லை, இவர் ஒருவரைத் தவிர. "வேண்டாம், விடு. அங்கேருந்து யாராவது பார்த்தா குழப்பம் வரக் கூடாது. மாமிக்கு நான் போன் பண்ணிச் சொல்லிக்கறேன்."

ஊர்ப்பெயருக்கும் இதே கரிசனம். ராஜகீழ்ப்பாக்கம் என்று போட்டால் வெளிநாட்டுக்காரன் வாயில் நுழையாது என்று நெடுநாள் 'தென் சென்னை' என்றே போட்டுவந்தார். 2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆனதும் மனசு மாறியது. இப்போது வாழ்க்கைக் குறிப்பில் 'இரண்டு மாநகராட்சிகளில் பாடியவர்' என்று ஒரு வரி கூடியிருக்கிறது.

இதெல்லாம் சில்லறை. உண்மையான சாமர்த்தியம் நேரத்தைக் காட்டும் இடத்தில் இருக்கிறது. 1927-ல் சென்னைக் காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாக, மறு வருஷம் மியூசிக் அகாடமி தொடங்கியது. டிசம்பர் என்றால் கச்சேரி என்று ஆயிற்று. கூடவே, சாயங்காலம் என்பது ஒரு பதவியாகவும் ஆயிற்று. சீசனில் ஒரு பாடகரின் அந்தஸ்தைத் தெரிந்துகொள்ள அவர் பாட்டைக் கேட்க வேண்டியதில்லை, கடிகாரத்தைப் பார்த்தால் போதும். பகல் பன்னிரண்டு என்றால் சின்னப் பிள்ளை, டிக்கெட் கிடையாது. இரண்டு மணி என்றால் வளர்ந்துவருகிறார். நாலு மணி என்றால் கிட்டத்தட்ட வந்துவிட்டார். ஆறரை மணிக்காரர் பெரியவர். நம்மவருக்கு வயது ஐம்பத்தெட்டு. சபாக்கள் இவருக்குத் தருவது பகல் பன்னிரண்டு, கேன்டீனில் சாப்பாட்டு இலை போடுகிற நேரம்.

"நேரத்தை எடுத்துடுப்பா."

"எடுத்தா எப்ப வரணும்னு எப்படி சார் தெரியும்?"

"வர்றவா போன் பண்ணிக் கேட்டுப்பா. எப்பவும் அவாதானே வரா."

கடைசியில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். கம்ப்யூட்டரில் பார்த்தால் நேரம் தெரியும், செல்போனில் பார்த்தால் மறைந்துவிடும். உலகமே செல்போனில்தான் பார்க்கிறது என்பது இருவருக்கும் தெரியும்.

நேரத்தில் இன்னொரு கூத்தும் உண்டு. தளத்தின் கடிகாரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றப் பையன் மறந்துவிட்டான். அது கிரீனிச் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. மாலை ஆறேகால் கோயில் கச்சேரியைத் தன் செல்போன் காலண்டரில் சேர்த்துக்கொண்ட சிஷ்யைக்கு ராத்திரி பதினொன்றே முக்கால் என்று காட்டியிருக்கிறது. அலறிக்கொண்டு போன் செய்தாள். பையன் திருத்த உட்கார்ந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஒரு கச்சேரி முடிந்தால், தளத்தின் கணக்குப்படி நள்ளிரவு தாண்டியதும் 'வரவிருக்கும்' பட்டியலிலிருந்து இறங்கி 'நடந்தவை'க்குப் போய்விடும். கிரீனிச் நள்ளிரவு என்பது நமக்கு விடியற்காலை ஐந்தரை. ஆக, நேற்றுச் சாயங்காலம் பாடி, பொன்னாடை வாங்கி, வீட்டுக்கு வந்து தூங்கி எழுந்த பிறகும் கச்சேரி வரவிருந்துகொண்டே இருக்கிறது. நாலரைக்கு சாதகத்துக்கு எழுகிற வித்வான் அதை ஒரு மணி நேரம் கண்குளிரப் பார்க்கலாம்.

"தொடாதே" என்றார். "அந்த அஞ்சரை மணி நேரம் நம்ம போனஸ்."

பக்கவாத்தியக்காரர் பெயர்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். பாட்டுக்குக் கீழே வயலின், அதற்குக் கீழே மிருதங்கம், பிறகு கடம், கஞ்சிரா, மோர்சிங் என்பது காலங்காலமாகத் துண்டு நோட்டீஸில் வரும் வரிசை. யார் பெயருக்கு எவ்வளவு பெரிய எழுத்து என்பதுதான் வழக்கு. நம்மவர் தன் பெயரைத் தடித்த எழுத்தில் போட்டார். சிட்லப்பாக்கம் மிருதங்கக்காரர் பேசுவதை நிறுத்திவிட்டார். பிறகுதான் தெரிந்தது, மிருதங்கக்காரருக்கும் ஒரு வெப்சைட் இருக்கிறது. அதே கச்சேரி அங்கே அவர் பெயரில் தடித்த எழுத்தில் இருந்தது, கீழே பொடியாக 'வாய்ப்பாட்டு' என்று இவர் பெயர். வயலின்காரர் தளத்திலோ பெரிதாக வயலின் படம் மட்டும், உடன் பாடியவர் விவரமே இல்லை. ஒரே கோயில், ஒரே ஜமக்காளம், மூன்று முதன்மைக் கலைஞர்கள். மற்றவர் பட்டியலைப் பார்க்கிறவர்களும் இந்த மூன்று பேர்தான் என்று பையன் கணக்கெடுத்துச் சொன்னான். வித்வானுக்கு அது குறையாகத் தெரியவில்லை. "விஷயம் தெரிஞ்சவா பார்க்கறா, போதும்."

மியூசிக் அகாடமியே இணையவழி கச்சேரி நடத்திய 2020-ல் இவருக்கு வாழ்வு வந்தது. கூடத்து அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து பாடியதையெல்லாம் பட்டியலில் ஏற்றி, இடம் என்ற கட்டத்தில் 'உலகெங்கும்' என்று போட்டார். ஆள் நடமாட்டம் திரும்பியதும் உலகம் மறுபடி மாடம்பாக்கம் வரை சுருங்கிவிட்டது.

சீசன் முடிந்து பங்குனி உற்சவமும் போய்விட்டால் பட்டியல் காலி. அப்போது அந்த பிளகின் தானாகவே ஒரு வாக்கியம் போடும். தற்சமயம் எந்த நிகழ்ச்சியும் இல்லை என்று இங்கிலீஷில். சம்மன் வந்த மாதிரி உட்கார்ந்திருந்தார் மனுஷர். அந்த ஒரு வரியை மாற்றுவதற்கு இருவரும் ஒரு வாரம் செலவழித்தார்கள். 'விரைவில்' என்று போட்டால் சினிமா போஸ்டர் மாதிரி இருக்கிறது. 'தேதி பின்னர் அறிவிக்கப்படும்' என்றால் தேர்வு தள்ளிப்போன மாதிரி. 'வித்வான் ஓய்வில் இருக்கிறார்' என்று பையன் அடித்துக் காட்டியதும் வித்வானின் மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்து அழிக்கச் சொன்னாள்.

"'ஆத்துலதான் இருக்கார், எப்ப வேணா கூப்பிடலாம்'னு போடுங்கோளேன். உள்ளதுதானே."

வித்வான் முகம் சுருங்கினாலும் சாரம் அவர் மனசில் ஏறிவிட்டது. மரியாதையான தமிழில் 'தேதிகளுக்குத் தொடர்புகொள்க' என்று போட்டு, டிக்கெட் பட்டன் எதை அமுக்கினாலும் தன் செல் நம்பருக்கே போகும்படி வைத்தார்.

போன் வந்தது. அகரம்தென் பக்கத்தில் புது வீடு, ஆவணியில் கிரகப்பிரவேசம், சாயங்காலம் ஒரு மணி நேரம் பாடினால் போதும், 'குறை ஒன்றும் இல்லை' அவசியம் வேண்டும். சாயங்காலம் என்ற சொல்லைக் கேட்டதும் வித்வான் எழுந்து நின்றுகொண்டார். அன்றே பட்டியலில் ஏறியது: 'புதிய அரங்கத் திறப்பு விழா, சிறப்புக் கச்சேரி, மாலை 6.30.' நேரம் செல்போனிலும் தெரியும்படி, சிவப்பில்.

"டிக்கெட் பட்டனை எடுத்துடட்டுமா சார்? வீட்டு விசேஷம் பாருங்க" என்றான் பையன்.

"எதுக்கு எடுக்கணும்? 'டிக்கெட்'டை அடிச்சுட்டு 'மொய்'னு போடு."