மேப்பு வாங்கும் மாப்பிள்ளைக்கு

வாங்குங்க மாப்ள, தாராளமா வாங்குங்க. முந்நூத்தம்பது வருசத்துப் பழைய காகிதம், நடுவுல மடிப்பு விழுந்து ஓரத்துல புழு ஓட்டை போட்டது, அதை ஒரு மாசச் சம்பளம் குடுத்து வாங்கிச் செவுத்துல மாட்டியே தீரணும்னு ஒருத்தருக்கு ஆசை வந்துட்டா, சாமியே இறங்கி வந்தாலும் தடுக்க முடியாது. நம்ம பொண்ணு போன் போட்டு அழாத குறையாச் சொன்னப்போகூட நான் உங்க கட்சிதான். "குடிக்கிறாரா, சீட்டாடுறாரா, மேப்புதானே வாங்குறார், விடும்மா"ன்னேன். "குடிச்சிருந்தா செலவு கம்மி மாமா"ன்னுட்டா. அதுக்கு மேல எனக்குப் பேச்சு வரலை.

சரி, வாங்குறதுன்னு ஆயிடுச்சு, வெவரமா வாங்குங்க. சர்வே ஆபீஸ்ல சங்கிலி பிடிச்சே பென்சன் வாங்குனவன் நான். கல்லு எங்க நட்டது, வரப்பை எவன் தள்ளினான், புலப்படத்துல எது மெய் எது பொய்னு மோந்து பாத்தே சொல்லுவேன். நீங்க அனுப்பின போட்டோவையும், பேத்தி அவ டேப்லெட்ல தேடிக் காட்டின சங்கதியையும் வெச்சுப் பேசுறேன். கேட்டா கேளுங்க, கேக்காட்டி விடுங்க, காசு உங்களுது.

மூலையில பிளாவ்னு பேர் போட்டிருக்கு, அசல் சரக்குன்னு பூரிச்சுப் போயிருக்கீங்க. பேரைப் பாத்து மயங்காதீங்க. மெர்காட்டர்னு ஒரு மகா மேதை, 1594-ல காலமானார். அவரோட செம்புத் தகடுகளை 1604-ல யொடோகுஸ் ஹொண்டியஸ் வாங்கி, தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்து, 1606-ல ஆம்ஸ்டர்டாம்ல அட்லஸ் போட்டார். அவர் மகனுக்கும் அதே பேரு. அந்த மகன் 1629-ல கண்ணை மூடுனதும், அந்த வீட்டுத் தகடுகள்ல நாப்பதுக்குப் பக்கத்துல வில்லெம் பிளாவ் கைக்கு வந்துச்சு. வந்ததும் என்ன பண்ணினார்? ஹொண்டியஸ் பேரைச் சுரண்டித் தள்ளிட்டு, அதே இடத்துல தன் பேரை வெட்டி, மறுவருசமே புஸ்தகமாப் போட்டுட்டார். நம்ம பக்கம் ராத்திரியோட ராத்திரியாப் பட்டாவுல பேர் மாறுமே, அதே வேலைதான். கையெழுத்து மட்டும் கொஞ்சம் அழகு.

செத்தவர் வீட்டுக்காரங்க சும்மா இருப்பாங்களா? பெரிய ஹொண்டியஸோட இன்னொரு மகனும், மருமகப்பிள்ளை யான்சோனியஸும் சேர்ந்து செதுக்குறவங்களைப் பிடிச்சு, அதே படங்களைப் புதுத் தகட்டுல வெட்டச் சொல்லி ஒப்பந்தம் போட்டாங்க. ரெண்டு கடையும் ஆம்ஸ்டர்டாம்ல ஒரே தண்ணிக்கரையில, பக்கத்துல பக்கத்துல. வில்லெமுக்கே முதல்ல வில்லெம் யான்ஸோன்னுதான் பேரு. பக்கத்துக் கடை யான்சோனியஸோட குழம்புதேன்னு 1621 வாக்குல பிளாவ்னு ஒட்டு ஒண்ணு சேத்துக்கிட்டார். ஆக உங்க படத்தை அளந்தது ஒருத்தர், வெட்டினது ஒருத்தர், பேர் போட்டுக்கிட்டது ஒருத்தர். குத்தமில்லை. "இது பிளாவ் வரைஞ்சது"ன்னு விருந்தாளிகிட்ட சொல்றப்போ மட்டும் லேசாத் தொண்டையைக் கனைச்சுக்குங்க.

அப்புறம் இன்னொண்ணு எழுதியிருந்தீங்க: "இதை வெச்சுத்தான் மாமா அந்தக் காலத்துல கப்பல் ஓட்டினாங்க." ஐயோ மாப்ள. கப்பல்ல போன மேப்பு வேற, கடையில வித்த மேப்பு வேற. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் மாலுமிங்களுக்குக் கையால வரைஞ்ச படத்தைக் குடுக்கும், திரும்பி வந்ததும் கணக்குப் பாத்து வாங்கிப் பூட்டிடும். வெளியே கசிஞ்சா வியாபாரம் போச்சே. அந்தக் கம்பெனிக்கு 1633-லேருந்து மேப்பு அதிகாரி யாருன்னு நெனைக்கிறீங்க? நம்ம பிளாவ்தான். 1638-ல அவர் போனதும் மகன் யோவான் பிளாவ். அதாவது, நல்ல சரக்கைப் பூட்டி வெச்ச ஆளும், பழைய தகட்டை அச்சடிச்சு வண்ணம் பூசிக் கடைத்தெருவுல வித்த ஆளும் ஒரே ஆள். இப்படி ஒரு கெட்டிக்காரர் நம்ம தாலுக்கா ஆபீஸ்ல பொறந்திருந்தா கலெக்டரையே வித்திருப்பார்.

மாலுமிக்குன்னு அச்சடிச்ச கடல்வழிப் புஸ்தகமும் உண்டு, இல்லேங்கலை. அதெல்லாம் உப்புத் தண்ணியில நனைஞ்சு கிழிஞ்சு போச்சு. மிஞ்சினது பெரிய மனுசன் வீட்டு அலமாரியில தூங்கினதுதான். ஏன் இத்தனை நல்லா மிஞ்சியிருக்கு? எவனும் அதை வெச்சு எங்கேயும் போகலை, அதனால.

பெரிய மனுசன்னா லேசுப்பட்டவன் இல்லை. யோவான் பிளாவ் 1662-ல இலத்தீன்ல போட்ட 'அட்லஸ் மாயோர்' 11 தொகுதி, அறுநூறுக்குப் பக்கத்துல மேப்பு. பின்னால வந்த பிரெஞ்சுப் பதிப்பு 12 தொகுதி, வண்ணம் பூசினதுக்கு விலை 450 கில்டர். கைத்தொழில் தெரிஞ்சவனுக்கே அன்னைக்கு நாள் கூலி சுமாரா ஒரு கில்டர்தான். கணக்கு நீங்களே போடுங்க, எஞ்சினியர்தானே. இங்கிலாந்து ராஜா ரெண்டாம் சார்லஸுக்கு ஆம்ஸ்டர்டாம் வியாபாரிங்க 1660-ல ஒரு அட்லஸ் குடுத்தாங்க, உயரமே 1.75 மீட்டர். இப்போ லண்டன்ல பிரிட்டிஷ் நூலகத்துல நிக்குது. அதைப் பிரிச்சுப் பாத்து வழி கண்டுபிடிக்கவா குடுத்தாங்க? பவுசுக்கு. அந்தக் காலத்து டச்சு ஓவியர் வெர்மீர் வரைஞ்ச ஓவியத்துலயும் செவுத்துல மேப்பு தொங்கும், பாத்திருப்பீங்க. கூடத்துல மாட்டிட்டுத் தாடியைத் தடவிக்கிறதுக்குன்னே செஞ்ச சாமான் இது. அந்த வகையில நீங்க முறையான வாரிசு மாப்ள. எனக்கு அதுல ஒரு குறையும் இல்லை.

பவுசுக்குன்னு ஆனப்புறம் சுத்தமான மேப்பைத் தேடாதீங்க, தப்பு உள்ளதா பாத்து வாங்குங்க. கலிஃபோர்னியாவைக் கடலுக்கு நடுவுல தீவா மிதக்க விட்ட படங்கள் இருக்கு. அந்தத் தப்பை மட்டுமே தேடித்தேடிச் சேத்து, எழுநூறுக்கு மேல இப்போ அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல வெச்சிருக்காங்க. ஆர்ட்டெலியஸ்னு ஒருத்தர் போட்ட ஐஸ்லாந்து மேப்புல கடல் பூரா ராட்சச மீனு, ஒவ்வொண்ணுக்கும் எழுத்துக் குறி போட்டு, அது என்ன ஜென்மம்னு பின்பக்கத்துல விளக்கம் வேற. தாழ்நாட்டு மாகாணங்களையே ஒரு சிங்கமா வரைஞ்சு 1583-ல ஒருத்தர் போட்டார், மத்தவங்க பின்னாடியே அந்தச் சிங்கத்தை விதவிதமா வெட்டினாங்க. நான் ஒரு புலப்படத்துல வாய்க்காலை லேசா வளைச்சதுக்கே மெமோ குடுத்தாங்க. அவங்க நாட்டுக்கே வாலும் பிடரியும் வெச்சிருக்காங்க, உலகமே கையெடுத்துக் கும்பிடுது.

இனிக் காரியத்துக்கு வருவோம். கடைக்காரர் வெள்ளைக் கையுறை போட்டுக்கிட்டு முன்பக்கத்தையே காட்டுவார். நீங்க முதல்ல திருப்பிப் பாருங்க. செம்புக் களிம்புலேருந்து எடுத்த பச்சையைத்தான் அன்னைக்குப் பூசினாங்க. அந்தப் பச்சை வருசக்கணக்குல காகிதத்தைத் தின்னு, பின்பக்கம் பழுப்பா ஊறித் தெரியும், சில இடத்துல காகிதமே விரிசல் விட்டிருக்கும். முன்னாடி காடு மலையெல்லாம் பச்சையா இருந்து, பின்னாடி பால்மாதிரி வெளுப்பா இருந்துச்சுன்னா, வண்ணம் பெரும்பாலும் பிற்காலத்துல பூசினது. அதுவும் விக்கலாம், தப்பில்லை, ஆனா "அந்தக் காலத்து வண்ணம்"னு சொல்லி விக்கக் கூடாது. பல பிரதி வெறும் கருப்பு வெள்ளையாத்தான் கடையை விட்டுப் போச்சு. வண்ணம் பூசுறது அங்க தனித் தொழில், தனிக் கூலி.

பின்பக்கத்துல எழுத்து இருந்தா அது எந்த மொழின்னு பாருங்க. இலத்தீன், பிரெஞ்சு, டச்சு, ஜெர்மன்னு பதிப்புக்குப் பதிப்பு மாறும். எந்த வருசத்து அச்சுன்னு கண்டுபிடிக்க அதுதான் சாட்சி. படத்தைச் சுத்தி ஒரு பள்ளக்கோடு தட்டுப்படணும். செம்புத் தகட்டையும் ஈரக் காகிதத்தையும் சேத்து உருளையில அழுத்துறப்போ பதியுற விளிம்பு அது. விரல் நுனியில தெரியும். அப்புறம் பூதக்கண்ணாடி. செதுக்கின கோடு கோடாவே இருக்கும், நுனியில மெலிஞ்சு முடியும். வண்ணமும் கோடும் சின்னச் சின்னப் புள்ளியா உடைஞ்சா, அது போன வருசத்துக் காலண்டர் அச்சு, கையுறையைக் கழட்டச் சொல்லிட்டு வெளியே வந்துடுங்க. வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா கம்பிக்கோடும் வாட்டர்மார்க்கும் தெரியணும். துணிக் கந்தலை இடிச்சு ஊற வெச்சுச் செஞ்ச காகிதம், அதனாலதான் இத்தனை காலம் நிக்குது.

தகடும் தேயும் மாப்ள. முதல்ல அடிச்ச பிரதியில கோடு கருகருன்னு இருக்கும், போகப்போக மலையெல்லாம் சாம்பலாயிடும். யோவானோட அச்சுக்கூடம் 1672 பிப்ரவரியில தீப்பிடிச்சுது, மறுவருசம் அவரும் போயிட்டார். தப்பிச்ச தகடுகள் ஏலத்துல போய் வேற கைகள்ல மறுபடி அச்சாச்சு. வெளுத்த பிரதிக்குக் கருத்த பிரதியோட விலை குடுக்காதீங்க. ஓரம் வெட்டியிருக்கா, மடிப்புல ஒட்டு இருக்கா, புழு ஓட்டையை அடைச்சு மேல கோடு வரைஞ்சிருக்கா, எல்லாத்தையும் வாய் விட்டுக் கேளுங்க. கேக்கக் கூச்சப்பட்டா அந்தக் கூச்சத்துக்கும் சேத்து விலை போடுவாங்க.

முழு அட்லஸைப் பிரிச்சு, தாள் தாளா வித்தா லாபம் அதிகம்னு அந்தத் தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. அதைவிட மோசமும் உண்டு. 2005-ல அமெரிக்காவுல, பேரு பெத்த மேப்பு வியாபாரி ஒருத்தர் யேல் பல்கலைக்கழக நூலகத்துல மாட்டினார். பிளேடு கீழே விழுந்து காட்டிக் குடுத்துடுச்சு. கடைசியில 97 மேப்பு திருடினேன்னு ஒப்புக்கிட்டார். அதனால இந்த மேப்பு இதுக்கு முன்னாடி யார் வீட்டுல, எந்த ஏலத்துல இருந்துச்சுன்னு எழுதி வாங்காம பணத்தை எடுக்காதீங்க. முழுப் புஸ்தகத்தைக் காட்டி, "இதுல நீங்க கேட்ட பக்கத்தை மட்டும் எடுத்துத் தரட்டுமா"ன்னு எவராவது கேட்டா, கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

எனக்காக ஒண்ணு தேடணும்னா, பிலிப்பஸ் பால்டேயஸ் புஸ்தகத்துத் தாளைத் தேடுங்க. யாழ்ப்பாணத்துல பாதிரியாரா இருந்த டச்சுக்காரர், 1672-ல ஆம்ஸ்டர்டாம்ல போட்டார். மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை மூணும் அதுல இருக்கு, தமிழ் எழுத்தைக்கூடத் தகட்டுல வெட்டிப் போட்டிருக்கார். நீங்க இப்போ குடியிருந்து வரி கட்டுற டச்சு நாட்டுக்காரங்க 1658-லேருந்து 1781 வரைக்கும் நம்ம நாகப்பட்டினத்துல உக்காந்திருந்தாங்க. யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்கு அவங்க ஊர்ப் பேரையே வெச்சாங்க. காரைநகர் ஆம்ஸ்டர்டாம், வேலணை லெய்டன், நெடுந்தீவு டெல்ஃப்ட். அந்த டெல்ஃப்ட் இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு. ஊரைவிட்டு அவ்வளவு தூரம் போயும் அவங்களுக்கு வேற பேர் தோணலை பாருங்க.

வாங்கினதை வெயில் படாத செவுத்துல மாட்டுங்க, அமிலமில்லாத அட்டையில வெச்சு, சூரிய வெளிச்சத்தைத் தடுக்குற கண்ணாடி போடுங்க. செல்லோடேப் கிட்டவே போகக் கூடாது. ரசீதையும் கடைக்காரர் எழுதிக் குடுத்த விவரத்தையும் பத்திரமா வைங்க, நாளைக்கு விக்கணும்னா அதுதான் ஆதாரம். நம்ம பொண்ணு கையில மட்டும் அது சிக்காம பாத்துக்குங்க. சிக்கிட்டா, தயவுசெஞ்சு என் பேரைச் சொல்லாதீங்க மாப்ள.