வெட்ட வாங்கிய லைசென்ஸில் நட்டார்கள்

சென்னையில் அழகு அறுவைச் சிகிச்சைக்கு டாக்டரைத் தேர்ந்தெடுக்கும் முறை நன்றாக வளர்ந்துவிட்டது. முதலில் சோபாவைப் பார்க்க வேண்டும். உட்கார்ந்ததும் அரை அடி உள்ளே இழுத்துக்கொண்டால் நல்ல கிளினிக். அடுத்து, வரவேற்பறையில் தண்ணீர் வழியும் கண்ணாடிச் சுவர் இருக்கிறதா, சீரியல் நடிகை ஒருவர் டாக்டரோடு நிற்கும் போட்டோ மாட்டியிருக்கிறதா, கேட்காமலே கிரீன் டீ வருகிறதா என்று பார்க்க வேண்டும். டாக்டர் யார், என்ன படித்தார் என்பதெல்லாம் பிறகு. பல இடங்களில் அந்தப் ‘பிறகு’ வருவதே இல்லை. டாக்டரை நீங்கள் பார்ப்பதே மேஜையில் படுத்த பின்புதான். அதற்குள் அவர் மாஸ்க் போட்டிருப்பார்.

அதுவரை உங்களிடம் பேசுகிறவருக்குக் கவுன்சலர் என்று பெயர். போன மாதம்வரை அவர் இன்ஷூரன்ஸ் பாலிசி விற்றிருக்கலாம், அதற்கு முன்னால் ஃபிளாட் விற்றிருக்கலாம். முடி நடப் போனால், தலையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் கணக்குச் சொல்லிவிடுவார். “அண்ணா, உங்களுக்கு மூவாயிரம் கிராஃப்ட் ஆகும்ணா. ஆடி ஆஃபர் இன்னிக்கு ராத்திரியோட முடியுது. அட்வான்ஸ் மட்டும் போட்டுடுங்க, மீதிய இஎம்ஐல மாத்திடலாம்.” உங்களுக்குச் சர்க்கரை உண்டா, ரத்தத்தை இளக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, ஊசி எதற்காவது ஒவ்வாமை வந்திருக்கிறதா என்று அவர் கேட்க மாட்டார். பேன் கார்டு நம்பரைக் கேட்பார்.

ஒரு காலத்தில் ஊர் ஊராக லாட்ஜில் ரூம் போட்டு, “இன்ன தேதியில் இன்ன ஊரில் சந்திக்கலாம்” என்று ராத்திரி டிவியில் விளம்பரம் செய்த வைத்தியர்களை நினைத்துச் சிரிக்கிறோம். அவர்களிடம் ஒரு நேர்மை இருந்தது. லேகியம்தான் கொடுத்தார்கள், கத்தி எடுக்கவில்லை.

இப்போது படிப்புக்கு வருவோம். ‘காஸ்மெடிக் சர்ஜன்’ என்று போர்டில் பொன்னெழுத்தில் மின்னுகிறதே, அப்படி ஒரு பட்டத்தை இந்தியாவில் எந்த மருத்துவக் கல்லூரியும் தருவதில்லை. உடம்பைக் கீறி அழகு செய்வதற்கு இங்கே உள்ள படிப்பு பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான டி.என்.பி. எம்.பி.பி.எஸ். பயிற்சிக் காலத்தோடு சேர்த்து ஐந்தரை வருடம். பொது அறுவைச் சிகிச்சையில் எம்.எஸ். மூன்று வருடம். அதன் மேல் எம்.சிஎச். மூன்று வருடம். இடையில் நுழைவுத் தேர்வுகளில் தோற்ற வருடங்களைச் சேர்க்காமலே பதினொன்றரை வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தை வீணடித்தவர் பாவம், பிழைக்கத் தெரியாதவர். பிழைக்கத் தெரிந்தவர்கள் சனி, ஞாயிறு இரண்டு நாள் ஸ்டார் ஹோட்டலில் வகுப்புக்குப் போய், மதியம் பிரியாணி சாப்பிட்டு, சாயங்காலம் ‘ஃபெலோஷிப்’ சான்றிதழோடு போட்டோ எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை காலையில் கடை திறக்கிறார்கள்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தால், தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் முடி நடுவதற்கு வெளியிட்ட வழிகாட்டுதலைப் படியுங்கள். பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றுக்கொள்வது இந்தச் சிகிச்சையைத் தொடங்கப் போதுமான பயிற்சி ஆகாது என்று அதில் எழுதியிருக்கிறார்கள். ஒரு நாட்டின் மருத்துவத்தை ஆளும் அமைப்பு, யூடியூப் பார்த்து மனிதனைக் கீறாதீர்கள் என்று அச்சடித்து வெளியிட நேர்ந்திருக்கிறது. யாரும் செய்யாத காரியத்தைச் செய்யாதே என்று எந்த அரசும் உத்தரவு போடாது.

இத்தனைக்கும் வரவேற்பறையில் சுசுருதர் படம் தவறாமல் தொங்கும். “பிளாஸ்டிக் சர்ஜரியே நம்ம நாட்டுக் கண்டுபிடிப்பு சார்” என்பார்கள். உண்மைதான், அறுந்த மூக்கைச் சீராக்கும் முறை அவர் பெயரில் உள்ள நூலில் இருக்கிறது. அதே நூலில், மாணவன் மனித உடம்பைத் தொடுமுன் பூசணியிலும் சுரைக்காயிலும் வெள்ளரியிலும் கீறிப் பழக வேண்டும் என்றும் இருக்கிறது. நம்மவர்கள் காய்கறிச் செலவை மிச்சம் பிடித்துவிட்டார்கள். நேராக நம் மேலேயே பழகுகிறார்கள்.

2016 மே மாதம் சென்னையில் ஓர் இளைஞர் முடி நட்டுக்கொள்ளப் போனார். பாமரர் அல்ல, மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர். இந்த மாநிலத்தில் மருத்துவம் பற்றி அதிகம் தெரிந்த இருபது சொச்சம் வயதுக்காரர்களில் ஒருவர் என்று சொல்லலாம். சிகிச்சை செய்தவர்களும் டாக்டர்கள்தான். ஒருவர் மயக்க மருந்து நிபுணர், இன்னொருவர் எம்.பி.பி.எஸ். பிளாஸ்டிக் சர்ஜனோ தோல் மருத்துவரோ அங்கே இல்லை. இரண்டு நாளில் அந்த மாணவர் இறந்துபோனார். அதன் பிறகு அதிகாரிகள் போய்ப் பார்த்தார்கள். அந்த இடத்துக்கு இருந்தது முடிதிருத்தும் நிலையத்துக்கான லைசென்ஸ்.

ஆம், சலூன் லைசென்ஸ். வெட்டுவதற்கு வாங்கிய அனுமதியில் நட்டிருக்கிறார்கள். முடி சம்பந்தப்பட்டதுதானே என்று நினைத்திருப்பார்கள். சலூன்காரர்களை இதில் இழுப்பது பாவம். அவர்கள் காதோரம் லேசாகக் கீறிவிட்டாலே பதறிப்போய்ப் படிகாரம் தேய்க்கிறவர்கள்.

சட்டம் இல்லையா என்று கேட்காதீர்கள், சட்டத்துக்கு நம்மிடம் என்றுமே பஞ்சமில்லை. தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகளையும் கிளினிக்குகளையும் ஒழுங்குபடுத்த 1997இலேயே சட்டம் போட்டாகிவிட்டது. அதை நடைமுறைப்படுத்துவதற்கான விதிகள் 2018இல் வந்தன. நடுவில் 21 வருடம். சட்டம் வந்த வருடம் பிறந்த பிள்ளை வளர்ந்து, ப்ளஸ் டூ முடித்து, டாக்டருக்கே படித்துக்கொண்டிருக்கும் வயது. கோப்பு மட்டும் தவழ்ந்துகொண்டிருந்தது. அந்த 21 வருடத்தில் கோட்டையில் இரண்டு கட்சிகளும் மாறி மாறி உட்கார்ந்திருந்தன, ஆகவே குற்றத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வதில் சண்டை வராது. விதிகள் வந்தபோது அந்த மாணவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

பிறகாவது தெளிந்ததா? 2022 செப்டம்பரில் மருத்துவ ஆணையம், முடி நடுவதற்குப் பிளாஸ்டிக் சர்ஜன், தோல் மருத்துவர் போன்ற முறையான பயிற்சி பெற்றவர்களே தகுதியானவர்கள் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் பல் மருத்துவக் கவுன்சில், வாய் முக அறுவைச் சிகிச்சையில் மேற்படிப்பு படித்த பல் டாக்டர்களும் நடலாம் என்றது. தாடைக்கு மேலே தலை இருக்கிறது, தலையில் முடி இருக்கிறது. தர்க்கத்தில் குறை சொல்ல முடியாது. கான்பூரில் 2024இலும் 2025இலும் முடி நட்டுக்கொண்ட இரண்டு இன்ஜினீயர்கள் இறந்துபோன வழக்கில் போலீஸ் குற்றம்சாட்டியது பல் மருத்துவம் படித்த ஒருவரைத்தான்.

விளம்பரத்துக்கு வருகிறேன். 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி ஒரு டாக்டர் விளம்பரம் கொடுத்து நோயாளியைப் பிடிக்கக் கூடாது. ஆகவே டாக்டர் விளம்பரம் கொடுப்பதில்லை. கம்பெனி கொடுக்கிறது. கம்பெனி எம்.பி.பி.எஸ். படிக்கவில்லை, அதன் பதிவை ரத்து செய்ய முடியாது. மெட்ரோ தூணில், பஸ் முதுகில், ரீல்ஸில், ஐபிஎல் இடைவேளையில் அது தாராளமாக வரலாம். நெறிமுறைப்படி வாயை மூடிக்கொண்டிருக்கும் தகுதியுள்ள டாக்டரை உங்களுக்குத் தெரியாது. கூவி விற்கிறவரைத்தான் தெரியும். இந்த ஏற்பாட்டைச் செய்துவைத்துவிட்டு, ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் அதிகாரி ஒருவர் மைக் முன் நின்று, “பொதுமக்கள் விழிப்புடன் இருக்க வேண்டும்” என்கிறார். விழித்திருக்கச் சம்பளம் வாங்குகிறவர் அவர். மேஜையில் படுத்திருப்பவனுக்கு மயக்க மருந்து கொடுத்திருக்கிறார்கள், அவன் எப்படி ஐயா விழித்திருப்பான்?

அதைவிட ஆத்திரம் வருவது பொதுமக்கள் மேல். “அவனுக்கு எதுக்கு இந்த வேலை? இருக்கிற முடி போதாதா?” 2022இல் பெங்களூரில் 21 வயது கன்னட நடிகை ஒருவர் கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப் பின் இறந்தார். சரியான தீவிர சிகிச்சை வசதி இல்லாத இடத்தில் செய்தார்கள் என்று பெற்றோர் புகார் சொன்னார்கள். செய்திக்குக் கீழே பலர் கேட்டது, அந்தப் பெண்ணுக்கு ஏன் இவ்வளவு அழகுப் பித்து என்று. அவர் ஒல்லியாக இருந்தால்தான் திரையில் பார்ப்போம் என்று அடம்பிடிப்பது யார்? மாப்பிள்ளை நல்ல இடம், நெற்றிதான் கொஞ்சம் ஏறிப்போச்சு என்று ஜாதகத்தைத் திருப்பி அனுப்புவது யார்? பெண் நிறம் கம்மி என்று பஜ்ஜியைத் தின்றுகொண்டே சொல்லிவிட்டு வருவது யார்? அனுப்பிவைத்தவர்கள் நாம். பிணம் திரும்பி வந்ததும் ஆசைதான் காரணம் என்று சான்றிதழ் கொடுப்பதும் நாமே.

அழகு ஆசை ஒரு குற்றமே இல்லை. தமிழ்நாட்டில் இந்தத் துறை வேரூன்றியதில் அந்த ஆசையை மதித்தவர்களுக்கும் பங்கு உண்டு. வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார்கள், அமுங்கிய மூக்கை எழுப்பினார்கள், தலையின் முடித்தோலைக் கொண்டுவந்து புருவம் உதிர்ந்த இடத்தில் வைத்தார்கள். நோய் குணமான பிறகும் புருவம் இல்லாதவனுக்கு ஊரில் வேலை இல்லை, டீக்கடையில் கிளாஸ் இல்லை. அந்தப் புருவம் அலங்காரமா? இன்றும் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில், ஸ்டவ் வெடித்தது என்று எழுதிச் சேர்க்கப்படும் பெண்களின் கழுத்தைத் தோல் ஒட்டி நிமிர்த்துகிறவர் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன். அவர் பெயர் உங்களுக்குத் தெரியாது. அவருக்கு ரீல்ஸ் இல்லை.

அப்படிப்பட்டவரைத் தேடிப் போனால் உங்களுக்கு ஏமாற்றம்தான். முதலில் ‘வேண்டாம்’ என்பார். கொழுப்பை உறிஞ்சினால் எடை குறையாது, அது உடம்பின் வடிவத்தைத் திருத்தும் வேலை மட்டுமே என்பார். ஒரே தடவையில் ஐந்து லிட்டருக்கு மேல் எடுப்பது ஆபத்து என்பார். சிகரெட்டை நிறுத்திவிட்டு வா என்பார். மூக்கில் ஃபில்லர் போடக் கேட்டால், ஊசி தவறி ரத்தக் குழாய்க்குள் போனால் பார்வையே போகலாம் என்று பயமுறுத்துவார். வெள்ளையாக ஊசி கேட்டால், நிறம் மாற்ற அதற்கு அனுமதியே இல்லை என்று கையை விரிப்பார். மூக்கு நன்றாகத்தானே இருக்கிறது, மனநல மருத்துவரைப் பார்க்கிறாயா என்றுகூடக் கேட்பார். ரிசல்ட்டுக்கு கியாரண்டி தரமாட்டார். ஆடி ஆஃபர் அறவே கிடையாது. வியாபாரம் தெரியாத மனிதர். உங்கள் உடம்பை ஒப்படைக்க இதைவிட நல்ல தகுதி எனக்குத் தெரியவில்லை.

அரசாங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். கிளினிக் வாசலில் கம்பெனிப் பெயர் எவ்வளவு பெரியதோ அதே அளவு எழுத்தில், உள்ளே கத்தி பிடிப்பவரின் பெயர், பட்டம், பதிவு எண் மூன்றும் தமிழில் இருக்க வேண்டும் என்று ஓர் உத்தரவு போடுங்கள். கடைகளின் பெயர்ப் பலகை தமிழில் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறீர்களே, அந்த அக்கறையில் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கள். இதற்கும் 21 வருடம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அது வரும்வரை, போகிறவர்கள் கவுன்சலரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். என்னைக் கீறப்போகிறவர் யார், டெக்னீஷியனா டாக்டரா? அவருடைய எம்.சிஎச். அல்லது டி.என்.பி. மருத்துவக் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிவாகியிருக்கிறதா, எண் என்ன? மயக்க மருந்து கொடுப்பவர் முடியும்வரை கூடவே இருப்பாரா? எனக்கு மூச்சு நின்றால் எந்த மருத்துவமனையின் ஐசியுவுக்கு எத்தனை நிமிடத்தில் கொண்டுபோவீர்கள்? பெயரையும் எண்ணையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து கவுன்சிலின் இணையப் பதிவேட்டில் சரிபாருங்கள், காசு செலவில்லை. கவுன்சலர் சிரித்து மழுப்பினால், “எங்க சார் சீனியர்ண்ணா” என்று இழுத்தால், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். கட்டிய அட்வான்ஸ் போனால் போகட்டும்.