விரற்கடை இயல்: தாழ்த்திய கார் பற்றிய ஓர் ஆராய்ச்சி

பாயிரம்

நூல் செய்யப் புகுவோர் நுதலிய பொருளையும் கற்பதால் வரும் பயனையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது மரபு. இந்நூல் நுதலிய பொருள், ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் டயருக்கும் அதன் மேலுள்ள மட்கார்டு வளைவுக்கும் நடுவே கிடக்கும் வெற்றிடம். பயன்: அந்த வெற்றிடத்தைப் பார்த்துத் தூக்கம் கெட்டவர்கள், அதைக் குறைத்த பிறகு வேறு எந்தெந்தக் காரணங்களால் தூக்கம் கெடுவார்கள் என முன்கூட்டியே அறியலாம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மாதிரி, 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5. இத்தேர்வுக்குக் காரணம் மூன்று. உலகில் மிக அதிகம் விற்ற இரு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் அது. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது வண்டி ஹிரோஷிமா ஆலையில் உருவானது. அதன் முதல் தலைமுறை நான்கு சக்கரங்களிலும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன் கொண்டது, ஆகவே கோணம் திருத்த இடம் தாராளம். மூன்றாவது காரணம் உளவியல் சார்ந்தது: ஆலையிலிருந்து வந்த உயரத்திலேயே அதை விட்டுவைக்க உரிமையாளர் பலருக்கு மனம் ஒப்புவதில்லை.

அளவை இயல்

இத்துறையில் மில்லிமீட்டரும் உண்டு, அங்குலமும் உண்டு. ஆயினும் அன்பர்கள் விரும்பிக் கையாளும் அலகு விரல். டயருக்கும் வளைவுக்கும் இடையே கையைச் செருகிப் பார்ப்பது செய்முறை. நான்கு விரல் நுழைந்தால் வண்டிக்காரர் பாமரர். இரண்டு நுழைந்தால் ரசிகர். ஒன்றுகூட நுழையாவிட்டால் அவர் சித்தர். மேடு பள்ளம் அவரைப் பாதிக்காது, காரைத்தான் பாதிக்கும்.

12 விரற்கடை ஒரு சாண், 2 சாண் ஒரு முழம் என்று நிலமும் துணியும் அளந்த மரபினருக்கு இந்த அலகு புதிதல்ல. அதன் குறையும் புதிதல்ல: யாருடைய விரல் என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. போதாக்குறைக்கு, தடித்த டயர் மாட்டினால் காரை ஒரு மயிரிழைகூடத் தாழ்த்தாமலே விரல் கணக்கு குறைந்துவிடும். அதனால்தான் விவரமறிந்த பட்டறைகளில் சக்கரத்தின் நடுமையத்திலிருந்து வளைவின் விளிம்பு வரை டேப் பிடிக்கிறார்கள். அந்த அளவு டயரைப் பொறுத்து மாறாது. விரல் பாய்ச்ச வாய்ப்பில்லாததால் அம்முறை பொதுமக்களிடையே பரவவில்லை.

உயர இயல்

தடை: காரைத் தாழ்த்துவது அழகுக்கா, ஓட்டத்துக்கா?

விடை: ஓட்டத்துக்குத்தான் என்பது உரிமையாளர் அனைவரின் வாக்குமூலம். அதைக் கணக்கால் சோதிப்போம். ஓட்டுநரோடு 1,000 கிலோ எடை, 1.4 மீட்டர் அகலத்தில் சக்கரங்கள், தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் எடைமையம் என்று வைத்துக்கொள்வோம். வளைவில் பக்கவாட்டு விசை காரின் எடைக்குச் சமமாகும்போது, உட்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும் சுமை சுமார் 321 கிலோ. காரை 3 செ.மீ. தாழ்த்தினால் அது 300 கிலோ. லாபம் 21 கிலோ, அதாவது ஒரு சிப்பம் அரிசிகூட இல்லை. பந்தயத்தில் இது பெரிய விஷயம். மூன்றாவது சிக்னலில் நிற்கப்போகிற காருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஆய்வுக்குரியது.

தடை: லாபம் லாபம்தானே?

விடை: முழுதும் அன்று. தாழ்ந்த காரில் சக்கரம் மேலே எழ இடம் குறைவு. பழைய மென்மையான ஸ்பிரிங்கே இருந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் சஸ்பென்ஷன் பம்ப் ஸ்டாப் என்ற தடுப்பில் போய் இடிக்கும். எனவே கடினமான ஸ்பிரிங் வேண்டும். கடின ஸ்பிரிங்கை அடக்க அதற்கேற்ற ஷாக் அப்சார்பர் வேண்டும். சிக்கனக்காரர் சிலர் பழைய ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை அறுத்தெடுக்கிறார்கள். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் சற்றே கடினமாகும் என்பது இயற்பியல். ஆனால் ஜாக்கியில் தூக்கும்போது, அறுபட்ட ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டுக் கழன்று ஆடும் என்பதும் இயற்பியலே.

இன்னொரு வினோதமும் உண்டு. பெரும்பாலான சிறிய கார்களில் உள்ள மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் அமைப்பில், அளவுக்கு மீறித் தாழ்த்தினால் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கை உட்புறம் தாழ்ந்து சரிந்துவிடும். அப்போது கார் சாய்வதற்கு ஆதாரமான உருள்மையம், எடைமையத்தைவிட வேகமாகக் கீழே இறங்குகிறது. இரண்டுக்கும் இடைவெளி நீள்வதால் உடலைச் சாய்க்கும் நெம்புகோலும் நீள்கிறது. சாயாமலிருக்கத் தாழ்த்திய கார், ஸ்பிரிங் அதை ஈடுகட்டாவிட்டால் முன்னைவிட அதிகமாகச் சாயும்.

கோண இயல்

கோணங்கள் மூன்று. முன்னிருந்து பார்க்கையில் சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாய்வது கேம்பர். பக்கத்திலிருந்து பார்க்கையில் ஸ்டியரிங் அச்சு முன்பின்னாகச் சாய்வது காஸ்டர். மேலிருந்து பார்க்கையில் ஒரே அச்சின் இரு சக்கரங்களும் ஒன்றையொன்று நோக்கியோ விலகியோ திரும்பியிருப்பது டோ. காரின் உயரத்தை மாற்றியவர் இம்மூன்றையும் கேட்காமலேயே மாற்றிவிட்டார் என்பதே இவ்வியலின் சாரம். சஸ்பென்ஷன் கைகள் வட்ட வில்லில் அசைபவை. ஒரு முனை உயர்ந்தால் அதன் பக்கவாட்டு இடமும் கோணமும் சேர்ந்தே நகரும்.

இவற்றில் பழியைச் சுமப்பது கேம்பர். டயரின் உள்விளிம்பு தேய்ந்தால் உடனே, "கேம்பர் அதிகம்" என்று தீர்ப்பாகிவிடும். உண்மைக் குற்றவாளி பெரும்பாலும் டோ. ஒரு சக்கரம் ஓடும் திசையைவிட ஒரு பாகை திரும்பியிருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 17 மீட்டர் அளவுக்குப் பக்கவாட்டில் உரசியபடியே ஓடுகிறது. சாய்ந்த சக்கரம் விளிம்பில் சுமையை ஏற்ற, திரும்பிய சக்கரம் அந்த விளிம்பை அரம் போல ராவிவிடும்.

எம்எக்ஸ்-5 முதல் தலைமுறையில் கோணம் திருத்த, கீழ்க்கைகளின் அடியில் சக்கரத்துக்கு இரண்டாக மொத்தம் எட்டு போல்ட்டுகள் உண்டு. தலையில் மையம் தவறிய வட்டத்தட்டு கொண்டவை. திருகினால் கை உள்ளே வெளியே நகரும். முன்னால் அவை கேம்பரையும் காஸ்டரையும் ஆள்கின்றன. பின்னால் கேம்பரையும் டோவையும். முன்சக்கர டோ மட்டும் டை ராடின் பொறுப்பு. எட்டும் திரும்பினால் நல்லது. முப்பது ஆண்டு மழையில் ஊறிய கார்களில் அவற்றுள் சில துருப்பிடித்து இறுகிக் கிடக்கும். அந்நாளில் அலைன்மென்ட் வேலை வெல்டிங் வேலையாக மாறும்.

திருத்தத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் டயர் காற்று. பிறகு உயரம். பிறகு ஓட்டுநர் இருக்கையில் அவர் எடைக்கு ஈடான பாரம். பின் அச்சை முடித்து முன் அச்சுக்கு வர வேண்டும். அங்கே காஸ்டர், கேம்பர், கடைசியில் டோ. முன்னதைத் தொட்டால் டோ கெடும் என்பதால் அதற்குக் கடைசி இடம். கைகளின் மூட்டிலுள்ள புஷ்கள் ரப்பராக இருந்தால் அவற்றின் போல்ட்டுகளை, கார் தன் காலில் நிற்கும் உயரத்தில்தான் முறுக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கும்போது முறுக்கினால், கீழிறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று, யாரும் கேட்காத கூடுதல் ஸ்பிரிங்காக வேலை செய்து விரைவில் கிழியும்.

எல்லாம் முடிந்து ஸ்டியரிங் நேராக நிற்கும் அந்த நன்னாளில், இன்னும் ஐந்து மில்லிமீட்டர் இறக்கியிருக்கலாமே என்ற எண்ணம் உரிமையாளருக்குத் தோன்றும். தோன்றினால் காற்றழுத்தத்திலிருந்து மீண்டும் தொடங்குக.

சட்ட இயல்

தாழ்வை அரசுகளும் அளந்திருக்கின்றன. காரின் எந்தப் பாகமும் சக்கர ரிம்மின் அடிவிளிம்புக்குக் கீழே இறங்கக் கூடாது என்று 1958 முதல் கலிபோர்னியாவில் சட்டம் இருந்தது. ரான் அகிர்ரே என்ற இளைஞர் தம் 1957 கார்வெட்டில் விமான உபரிச் சந்தையிலிருந்து வந்த ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்தினார். சாலையில் தவழும் கார், சட்டம் எதிரே வந்தால் எழுந்து நிற்கும். லோரைடர் எனப்படும் தாழ்த்திய கார்ப் பண்பாட்டின் ஹைட்ராலிக் மரபு அங்கிருந்து கிளைத்தது. அந்தத் தடை 2024 ஜனவரியில்தான் நீங்கியது.

பார்முலா ஒன்றிலும் அதே கதை. 1981-இல் தரைக்கும் காருக்கும் 6 செ.மீ. இடைவெளி கட்டாயமானது. ஓடும் காருக்கு அடியில் அளவுகோல் நீட்ட இயலாதே, எனவே அளவெடுப்பு நிற்கும்போதுதான். பிரபாம் அணியின் கோர்டன் மரே, காற்றின் அழுத்தத்தால் ஓட்டத்தில் தாழ்ந்து, வேகம் குறைகையில் மெல்ல எழும் சஸ்பென்ஷனை அமைத்தார். அதிகாரிகள் முன் கார் பணிவோடு நிமிர்ந்து நின்றது. நெல்சன் பிக்கே அவ்வாண்டு உலகச் சாம்பியனானார்.

ஜப்பானில் தரை இடைவெளி 9 செ.மீ. இருக்க வேண்டும். குறித்த கால இடைவெளியில் வரும் வாகனச் சோதனையில் கோணங்களுக்கும் தேர்வு உண்டு: பக்கவாட்டில் நகரக்கூடிய பலகை மேல் காரை மெல்ல ஓட்டுவார்கள். ஒரு மீட்டருக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் பலகை விலகினால் தோல்வி. சக்கரங்களைக் கூரைபோல் சாய்த்து, பேய்க் கேம்பர் எனப் பொருள்படும் ‘ஒனிக்யான்’ பாணியில் திரிவோரும் அதே நாட்டில்தான் உண்டு.

மேலாய்வுக்கு உரியவை

காரின் முன்பக்கத்தைத் தேவைப்படும்போது சுமார் 40 மில்லிமீட்டர் தூக்கும் ஹைட்ராலிக் கருவியை போர்ஷே 911-இல் கூடுதல் பணம் கட்டிப் பெறலாம். புதிய தலைமுறையில் அது உரிமையாளரின் வாசல் மேட்டை ஜிபிஎஸ் வழியாக நினைவில் வைத்துக்கொண்டு தானே தூக்குகிறது. இதனால் எழும் வினாக்கள் இரண்டு. காரைத் தாழ்த்தக் காசு கொடுத்தவர், அதையே தூக்கவும் காசு கொடுத்தால், அவர் காரின் உயரத்தை எந்த நிலையில் அளந்து ஏட்டில் குறிப்பது? முன்மூக்கு மேலெழுந்து நிற்கும் அந்தச் சில வினாடிகளில், வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, எத்தனை விரல் என்று கேட்கலாமா?